புகையா, ரத்தமா? குடும்பத்தில் தொடரும் புற்றுநோயும் நாம் மறைக்கும் விவரங்களும்

வள்ளூரில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் புகைபோக்கி கண்ணில் படாமல் இருக்காது. 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், ஆக 1,500 மெகாவாட். அத்தனையும் நிலக்கரியில் ஓடுகிறது. பக்கத்தில் துறைமுகம், சாம்பல் குளம், கொசஸ்தலை ஆறு. தெற்கே எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் என்று ஒரே தொழிற்சாலைப் பட்டை. இந்தப் பக்கத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் நலம் விசாரிக்க வருபவர்கள் முதலில் சொல்வது, "எல்லாம் இந்தப் புகைதான்."

அதே வீட்டில் இரண்டாவதாக ஒருவருக்கு வந்துவிட்டால் பேச்சு மாறுகிறது, குரலும் தாழ்கிறது. "அவங்க ரத்தத்திலேயே இருக்காம்." அந்த வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால் இந்த ஒரு வாக்கியம் போதும், வரவிருந்த சம்பந்தம் நின்றுபோகும். அதற்குப் பயந்தே நம் குடும்பங்கள் பல, வந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. "வயிற்றுக் கோளாறு", "கட்டி", "பெரிய வியாதி" என்று சொல்லி ஜனாஸாவை எடுத்துவிடுகிறோம். பத்து ஆண்டு கழித்து மகளுக்கு மார்பில் கட்டி வரும்போது, உம்மா மௌத்தானது கருப்பைப் புற்றிலா, சினைப்பைப் புற்றிலா, குடல் புற்றிலா என்று டாக்டர் கேட்டால் சொல்வதற்கு வீட்டில் ஆள் இருப்பதில்லை.

புகையா, ரத்தமா என்ற கேள்விக்கு மருத்துவம் இன்று ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கிறது. அந்தப் பதில் நம் வீட்டுப் பெண்களின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாப் புற்றுநோயும் மரபணுக்களில் ஏற்படும் கோளாறுதான். ஆனால் எல்லாப் புற்றுநோயும் பரம்பரை நோய் அல்ல. நாற்பது ஆண்டு பீடி குடித்தவரின் நுரையீரல் செல்களில் மரபணுக்கள் கெட்டுப்போகின்றன. அந்தக் கேடு அவருடைய நுரையீரலோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. பரம்பரையாக வருவது வேறு. உம்மாவின் கருமுட்டையிலோ வாப்பாவின் விந்தணுவிலோ ஏற்கெனவே இருந்த ஒரு பிழை, கரு உருவாகும்போதே பிள்ளையின் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லிலும் பதிவாகிவிடுகிறது. இந்த வகை, நூறு புற்றுநோய்களில் ஐந்து முதல் பத்து வரைதான். மீதியெல்லாம் வயது, புகையிலை, காற்று, சில கிருமிகள், செல்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் தவறுகள் ஆகியவற்றால் வருபவை.

ஆகவே எழுபத்தைந்து வயதில் ஒரு பெரியவருக்குப் புற்றுநோய் வந்தது என்பதற்காகப் பேரப்பிள்ளைகள் கவலைப்பட வேண்டியதில்லை. "ரத்தத்தில் இருக்கிறது" என்று ஊர் சொல்லும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் அப்படி எதுவும் இருக்காது.

அப்படியானால் எந்தக் குடும்பம் கவனிக்க வேண்டும்? ஐம்பது வயதுக்கு முன்பே மார்பகப் புற்று வந்தவர் உள்ள வீடு. எந்த வயதிலானாலும் சினைப்பைப் புற்று வந்தவர் உள்ள வீடு. ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு மார்பகம், சினைப்பை, கணையம் என்று வந்த வீடு. குடல் புற்றும் கருப்பைப் புற்றும் மாறி மாறி வந்த வீடு. ஓர் ஆணுக்கு மார்பகப் புற்று வந்த வீடு (வரும், அரிதாக). சிறு குழந்தைக்குக் கண்ணில் புற்று வந்த வீடு.

ஓர் எழுத்துப் பிழை

மரபணு என்பது நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட ஒரு செய்முறைக் குறிப்பு. அதை உடம்பு மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படிக்கும். தமிழிலேயே ஓர் உதாரணம் பார்க்கலாம். "மகன் ஓட்டி வரும் பழைய படகு" என்ற தொடரில் ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து. இதில் "ஓட்டி" என்ற சொல்லிலுள்ள கடைசி இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, மீண்டும் மூன்று மூன்றாகப் படியுங்கள்: "மகன் ஓவரு ம்பழை யபட கு." விழுந்தது இரண்டே எழுத்து. ஆனால் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.

பிஆர்சிஏ-1 என்ற மரபணுவில் நடப்பது இதுதான். 17-ஆவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவின் வேலை, செல்லுக்குள் டிஎன்ஏ இழை அறுந்துபோனால் சரிசெய்வது. மார்பகப் புற்று தொடரும் குடும்பங்களை ஆராய்ந்து, கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று 1990-இல் காட்டியவர் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. 1994-இல் அந்த மரபணுவே கையில் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதன் கூட்டாளியான பிஆர்சிஏ-2. இவற்றில் காணப்படும் பிழைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் புகழ்பெற்ற ஒன்று, தொடக்கத்திலேயே ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விழுந்துபோன பிழை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் இருப்பது என்று உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் எழுதப்பட்ட பிழை அது.

அதே பிழை தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இந்தியக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, இது யூதர்களிடமிருந்து வந்ததல்ல, இங்கே தனியாகவே தோன்றியது என்று சொன்னது. ஒரு நோயை ஒரு சமுதாயத்தின் பெயரில் எழுதிவைப்பதில் உள்ள அபத்தம் இந்த ஓர் உதாரணத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நம் சென்னையிலேயே இந்த வேலை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் மூலக்கூறு புற்றியல் துறையில் டாக்டர் டி. ராஜ்குமார் தலைமையிலான குழு, தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த மரபணுக்களைப் பரிசோதித்த முடிவுகளை 2003-இலேயே வெளியிட்டது. பின்னர் 2018-இல், இந்தியா முழுவதிலுமிருந்து மார்பக, சினைப்பைப் புற்று வந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேரிடம் பரம்பரைப் பிழை இருந்தது. முப்பது என்றதும் பயந்துவிட வேண்டாம். பரம்பரையாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள்தான் அதில் அதிகம்.

பிழை இருந்தால் நோய் நிச்சயமா? இல்லை. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி உண்டு, ஒன்று உம்மாவிடமிருந்து, இன்னொன்று வாப்பாவிடமிருந்து. ஒன்று பிழையாக வந்தாலும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும். வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெட்டால்தான் ஆபத்து தொடங்குகிறது. 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவர் இதைக் கண்டுகொண்டது குழந்தைகளின் கண் புற்றை வைத்துத்தான். மற்ற குழந்தைகளுக்கு ஒரே செல்லில் இரண்டு பிரதியும் கெட வேண்டும். அது அபூர்வம், வந்தாலும் ஒரு கண்ணில்தான் வரும். பிழையோடு பிறந்த குழந்தைக்கு ஒன்று கெட்டாலே போதும். அதனால் சீக்கிரம் வருகிறது, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வருகிறது. (ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி சிவப்பாக இல்லாமல் வெள்ளையாகப் பளிச்சிட்டால் அன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள். தாமதித்தால் கண் மட்டுமல்ல, உயிரும் போகலாம்.)

பிஆர்சிஏ-1 பிழை உள்ள நூறு பெண்களில் எண்பது வயதுக்குள் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்றும், 44 பேருக்குச் சினைப்பைப் புற்றும் வருகிறது. பிஆர்சிஏ-2 என்றால் 69, 17. இது பெரும்பாலும் மேலை நாட்டுக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட கணக்கு. மிகப் பெரிய ஆபத்துதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நூறில் முப்பது பெண்கள் பிழையைச் சுமந்தபடியே எண்பது வயது வரை மார்பகப் புற்று இல்லாமல் வாழ்கிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

வாப்பா வழி

நம் குடும்பங்களில் அடிக்கடி நேரும் ஒரு தவறு இது. மார்பகப் புற்று பெண்களின் நோய், ஆகவே உம்மா வழியில்தான் வரும் என்று நினைக்கிறோம். டாக்டர் "குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்று கேட்டால், உம்மா, உம்மாவின் சகோதரிகள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு "இல்லை" என்கிறோம். வாப்பாவின் தங்கை முப்பத்தெட்டு வயதில் இறந்ததைச் சொல்வதில்லை.

பிழை ஆணிடமும் பெண்ணிடமும் சமமாகவே இருக்கும். சுமப்பவர் ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவதற்கு வாய்ப்பு சரிபாதி. ஆண் சுமந்தால் அவருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. நல்ல உடம்போடு தொழுகைக்கும் வேலைக்கும் போய்வந்துகொண்டிருப்பார். அவரிடமிருந்து மகளுக்குப் போகும்போதுதான் தெரியவரும். பிஆர்சிஏ-2 பிழையுள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்று கடுமையாக வருவதும் உண்டு.

சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டை மட்டும் துருவுகிற வழக்கத்துக்கு ஆகவே மருத்துவத்தில் ஆதாரமே கிடையாது. பிழையுள்ள உம்மாவுக்குப் பிறந்த மகள்களிலும் பாதிப் பேரிடம் அது இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒதுக்குகிறோம். மாப்பிள்ளையின் வாப்பா வழியை யாரும் கேட்பதே இல்லை.

சொந்தத்துக்குள் திருமணம் செய்வதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாமன் மகள், சாச்சா மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிப்பது மார்க்கத்தில் ஆகுமானது, கட்டாயமானது அல்ல. இப்படி மணம் முடிப்பதால் பிழை புதிதாக உண்டாகாது. ஆனால் ஒரே பாட்டியிடமிருந்த ஒரு பிழை இரண்டு பக்கமாக இறங்கிவந்து ஒரே குழந்தையிடம் சேரலாம். பாட்டியிடம் பிழை இருந்தால் ஒவ்வொரு பேரப்பிள்ளையிடமும் அது இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவில் மணம் முடித்த இரண்டு பேரப்பிள்ளைகளின் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பிழையாகச் சேரும் வாய்ப்பு அறுபத்து நான்கில் ஒன்று. பிஆர்சிஏ-2 அப்படிச் சேர்ந்தால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய், சிறுவயதிலேயே புற்றுநோயோடு வரக்கூடும். தம்பதி இருவரிடமும் பிழை உறுதியாகிவிட்டால் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்றாக உயர்ந்துவிடும். ஏற்கெனவே இளவயதுப் புற்றுநோய் உள்ள குடும்பம், சொந்தத்துக்குள் பேசுவதற்கு முன் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

புகைக்குப் பொறுப்பே இல்லையா?

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ ரத்தம்தான் காரணம், புகைபோக்கி தப்பித்தது" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2013-இல் உறுதியாக அறிவித்துவிட்டது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே முதல் பட்டியலில்தான் அதுவும் இருக்கிறது.

துருக்கியின் கப்படோசியா பகுதியில் கராயின் என்ற கிராமம் உண்டு. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் அரிதான ஒரு புற்று அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. 1970-களில் இஸ்ஸத்தின் பாரிஷ் என்ற துருக்கி மருத்துவர் அதைத் தேடிப் போனார். வீடு கட்டிய கல்லில் எரியோனைட் என்ற நார்க்கனிமம் இருந்ததும், அதன் தூசியை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவாசித்ததும் தெரியவந்தது. பிறகு இன்னொரு கேள்வி எழுந்தது: ஒரே கல், ஒரே தூசி, ஆனால் சில குடும்பங்களில் மட்டும் ஏன் இத்தனை பேர்? குடும்ப வழியை ஆராய்ந்த ஒரு குழு, பரம்பரையும் சேர்ந்திருக்கலாம் என்று 2001-இல் எழுதியது. பத்து ஆண்டு கழித்து, அமெரிக்காவில் இதே புற்று தொடர்ந்த இரண்டு குடும்பங்களில் பிஏபி-1 என்ற மரபணுவில் பரம்பரைப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. தூசியைத் தாங்கும் சக்தி எல்லா உடம்புக்கும் ஒன்று அல்ல என்பதைத்தான் இது காட்டுகிறது. அதற்காகத் தூசியை மன்னித்துவிட முடியாது. தாங்க முடியாத உடம்பும் அதே தெருவில்தான் வாழ்கிறது என்பதால் தூசியைக் குறைக்க வேண்டிய கடமை கூடுகிறது.

எண்ணூர், வள்ளூர் மக்கள் சாம்பலுக்கும் புகைக்கும் எதிராகக் கேட்கும் நியாயம் அப்படியே இருக்கிறது. குடும்ப வரலாறு தெரிந்துகொள்வது அதற்குப் போட்டி அல்ல.

பரிசோதனை என்றால் என்ன

கொஞ்சம் ரத்தம், சில இடங்களில் எச்சில், அவ்வளவுதான். யாருக்கு முதலில் எடுப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நோய் வந்தவருக்குத்தான் முதலில் எடுக்க வேண்டும். அவரிடம் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டால், சகோதரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும். செலவும் குறைவு, பதிலும் தெளிவு. நோய் இல்லாத மகளை நேராகக் கூட்டிப்போய் எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தால், உண்மையிலேயே ஒன்றுமில்லையா, தேட வேண்டியதைத் தேடவில்லையா என்று தெரியாமல் போகும்.

அறிக்கையில் "உண்டு", "இல்லை" தவிர மூன்றாவதாக ஒரு பதிலும் வரலாம். ஒரு மாற்றம் இருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்று எழுதியிருப்பார்கள். உலகத்தின் மரபணுத் தகவல் கிடங்குகளில் ஐரோப்பியர்களின் விவரமே குவிந்திருப்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பதில் கூடுதலாக வருகிறது. அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு அவசரப்படக் கூடாது. இதனால்தான் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும் என்கிறோம். இணையத்தில் பார்த்து எச்சில் குப்பியை வாங்கி அனுப்புவது இதற்கு வழி அல்ல.

பிழை உறுதியானால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. இருபத்தைந்து வயதிலிருந்தே மார்பகத்துக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, முப்பதிலிருந்து மேமோகிராம். சினைப்பைப் புற்றுக்கு நம்பத்தக்க முன்பரிசோதனை எதுவும் இல்லாததால், பிள்ளைப்பேறு முடிந்த பிறகு, பிஆர்சிஏ-1 என்றால் முப்பத்தைந்து முதல் நாற்பது வயதுக்குள், பிஆர்சிஏ-2 என்றால் நாற்பது முதல் நாற்பத்தைந்துக்குள் சினைப்பையையும் குழாயையும் எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். ஆபத்து சுமார் எண்பது சதவீதம் குறைகிறது. குடல், கருப்பைப் புற்று தொடரும் லிஞ்ச் வகைக் குடும்பங்களில் இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்து, புற்றாக மாறும் முன்பே சிறு கட்டிகளை எடுத்துவிடலாம். நோய் ஏற்கெனவே வந்தவருக்கும் இந்த விவரம் உதவும்: பிஆர்சிஏ பிழை உள்ளவர்களுக்கென்றே வேலை செய்யும் ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் இப்போது உண்டு.

"எல்லாம் தக்தீர், தெரிந்து என்ன செய்ய?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் ரத்தம் கொடுத்து மாத்திரை போடுகிறவர்கள்தான் இதையும் கேட்கிறார்கள்.

இன்னொரு பயம் காப்பீடு. பரம்பரை நோய் என்று எழுதிவிட்டால் கம்பெனி கைவிரித்துவிடும் என்று பலர் பரிசோதனைக்கே போவதில்லை. மரபணுக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, மரபணுக் கோளாறைக் காரணம் காட்டிக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது.

வள்ளூர், மீஞ்சூர் பக்கத்திலிருந்து அடையாறுக்குப் போய்வருவது அரை நாள் வேலை என்பது உண்மைதான். சந்தேகமான கட்டி என்றால் ராயபுரம் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே காட்டலாம். பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். பரம்பரையா என்று பார்க்க வேண்டிய குடும்பங்களுக்கு அடையாறு நிலையத்தில் தனி கிளினிக் உண்டு. அந்த நிலையமே ஒரு குடும்ப இழப்பில் பிறந்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டு விடாமல் அலைந்து 1954-இல் அதைத் தொடங்கினார். தங்கைக்கு வந்தது புற்றுநோய்தான் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் பணம் வேண்டாம். ஒரு முழுத்தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். உம்மா வழி ஒரு பக்கம், வாப்பா வழி ஒரு பக்கம். யாருக்கு, எந்த உறுப்பில் முதலில், எத்தனை வயதில் என்று மூன்று விவரம் மட்டும் போதும். "ஈரலில் வந்தது" என்பார்கள். அது அங்கே தொடங்கியதா, வேறிடத்திலிருந்து பரவியதா என்று கேளுங்கள். வயது தெரியாவிட்டால், "அப்போ கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதா?" என்று கேட்டால் நினைவு வரும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எல்லோரும் கூடும்போது வீட்டிலேயே மூத்த பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நல்லது. ஆண்களுக்குத் தெரியாத விவரமெல்லாம் அவர்களிடம்தான் இருக்கும். பழைய பயாப்ஸி அறிக்கை அலமாரியில் எங்கேயாவது கிடந்தால் குப்பையில் போடாமல் அந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மருத்துவமனைகள் மெழுகுக் கட்டியில் பதித்துப் பல ஆண்டுகள் வைத்திருப்பதுண்டு. நோயாளி இன்று உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த அறிக்கையிலுள்ள எண்ணை வைத்து அதைக் கேட்டுப் பார்க்கலாம்.